அலமாரி ஃபைல்களை எங்கே கொண்டுபோவது? சின்ன அலுவலகங்களுக்கு ஓர் ஒப்பீடு

காகித ஃபைல்களை மின்வடிவுக்கு மாற்றினால் அவற்றை எங்கே வைப்பது என்பதை, கோலாலம்பூரில் ஐந்து பேர் முதல் இருபது பேர் வரை வேலை பார்க்கும் அலுவலகங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கணக்கு ஆபீஸ், கம்பெனி செயலாளர் ஆபீஸ், வழக்கறிஞர் அலுவலகம், இன்ஷூரன்ஸ் ஏஜென்சி, லோரிக் கம்பெனி, கோயில் நிர்வாகம் எல்லாம் இதில் அடங்கும். நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்கு ஆபீஸ். அதனால் என் உதாரணங்கள் அந்தப் பக்கமே அதிகம் சாயும்.

இப்படிப்பட்ட இடங்களில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் ஒருவருக்குத்தான் தெரியும். பல வருடமாக அங்கேயே இருக்கும் ஓர் அக்காவாக இருப்பார். அவருடைய நினைவாற்றலால்தான் ஆபீஸே ஓடுகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் வருமான வரி வாரியமான ஹாசிலுக்குப் போக வேண்டிய பதில் நின்றுவிடுகிறது. ஆகவே எந்த வழியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: அந்த ஒருவர் இல்லாத நாளில், போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவர் ஒரு வாடிக்கையாளரின் 2021ஆம் ஆண்டு வங்கி அறிக்கையைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட முடியுமா? விலை, இடம், வேகம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் காகிதத்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனாலும் படிக்கலாம், பாஸ்வேர்டு மறக்காது, மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் நம் ஊர் ஈரமும் கரையானும் வெள்ளமும் அதற்கு எதிரிகள். 2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் தண்ணீர் ஏறியபோது தரைத்தளத்தில் இருந்த எதற்கும் தப்பிக்க வழி இல்லை. நனைந்த ரிங் ஃபைலுக்கு இரண்டாவது பிரதி கிடையாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், காகிதமே வருவது குறைந்துகொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களில் ஆரம்பித்து, இ-இன்வாய்ஸ் படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது. மின்வடிவில் பிறந்த இன்வாய்ஸை அச்சடித்து, துளை போட்டு ரிங் ஃபைலில் வைப்பது இரட்டை வேலை. ஆகவே மாறலாமா வேண்டாமா என்பதை நான் இங்கே ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே மாறுவது என்பதுதான் பேச்சு.

பலரும் முதலில் செய்வது, ஆபீஸில் இருக்கும் ஒரு கணினியில் ஒரு ஃபோல்டரைத் திறந்து எல்லாருக்கும் பகிர்வது. செலவே இல்லை, ஒரு மதியத்தில் முடிந்துவிடும். அந்தக் கணினியை ஒருவர் மாலை ஐந்தரைக்கு அணைத்துவிட்டுப் போனால் மற்றவர்களின் வேலை நின்றுவிடும். அதில் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் எல்லாமே பூட்டிக்கொள்ளும். பேக்அப் என்று சொல்லப்படும் வெளி ஹார்டு டிஸ்க் எந்நேரமும் அதே கணினியில் செருகியே இருக்கும்; அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் அனுப்பி வைத்துக்கொள்வதும், ஒரு ஊழியரின் சொந்த ஜிமெயிலில் கூகுள் டிரைவ் திறந்து அதை ஆபீஸ் ஃபைல் அறையாக்குவதும் இதே ரகம்தான். இலவசக் கணக்கில் மின்னஞ்சல், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. இடம் போதாது என்பதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கணக்கு அவருடையது என்பது. அவர் வேலையை விட்டால் வாடிக்கையாளர்களின் ஐசி (அடையாள அட்டை) நகலும் சம்பளப் பட்டியலும் அவருடனேயே போகும். திரும்பக் கேட்பது அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

மெய்யான போட்டி நாஸ் பெட்டிக்கும், இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் சர்வரில் ஃபைல் வைக்கும் கட்டணக் கிளவுடுக்கும் இடையில்தான்.

நாஸ் என்பது ஆபீஸ் நெட்வொர்க்கில் நேரடியாகச் செருகும் சேமிப்புப் பெட்டி. சினாலஜி, கியூநேப் போன்றவை லோ யாட் கணினி மாலில் எளிதாகக் கிடைக்கும். இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 முறையில் வைத்தால் இரண்டிலும் ஒரே தரவு இருக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை ஓடும். ஒருமுறை காசு கொடுத்தால் போதும், மாதா மாதம் கிடையாது. இணையம் போன நாளிலும் ஆபீஸுக்குள் எல்லாரும் ஃபைல் திறக்கலாம். பெரிய ஃபைல் சட்டென்று திறக்கும். கட்டட வரைபடம், வீடியோ வைத்திருக்கும் ஆபீஸ்களுக்கு இந்த வேகம் ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் ரெய்டு என்பது பேக்அப் இல்லை. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். பெட்டியையே திருடிக்கொண்டு போனாலும் அப்படித்தான். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் அதிகம் தாக்கும் இடங்களில் ஒன்று. யூபிஎஸ்ஸும், திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும் இல்லாமல் நாஸ் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. இன்னொன்று, வீட்டிலிருந்தும் ஃபைல் பார்க்க வேண்டும் என்று பலர் பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் அப்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநேப் பெட்டிகளைத்தான் உலகம் முழுவதும் பூட்டிப் பணம் கேட்டது. மென்பொருள் அப்டேட் போடவும், பேக்அப் ஓடியதா என்று வாரத்துக்கு ஒருமுறை பார்க்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார்? ஐடி தெரிந்த தம்பி ஒருவர் வந்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார், அட்மின் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது என்றால், அக்காவின் நினைவில் இருந்த ஃபைல் இப்போது தம்பியின் நினைவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். என் கேள்வியில் இந்த ஏற்பாடு தேறாது.

கிளவுடில் சின்ன ஆபீஸுக்குப் பொருந்துவது கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 இரண்டும். இரண்டிலும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம், அதன்மேல் சேவை வரி 8 விழுக்காடு. பத்துப் பேர் என்றால் ஐந்து வருடக் கணக்கில் நாஸைவிடக் கூடுதலாகத்தான் வரும். அந்தக் கூடுதல் காசுக்குக் கிடைப்பது, பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வேறொருவர் செய்வது. பழைய பதிப்புக்குத் திரும்ப முடிவது இன்னொரு பெரிய லாபம்: நேற்று யாரோ கெடுத்துவிட்ட எக்செலை முந்தாநாள் நிலைக்குக் கொண்டுவரலாம். பதிவு பெற்ற தொண்டு அமைப்பாக இருந்தால் இரண்டு நிறுவனங்களுமே இலவச அல்லது மலிவுத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. சங்கங்களும் அறவாரியங்களும் காசு கட்டும் முன் அதற்குத் தகுதி உண்டா என்று விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டில் எது என்றால், நான் முதலில் பார்ப்பது ஆபீஸ் எதில் வேலை செய்கிறது என்பதை. நாள் முழுக்க எக்செலில் பெரிய பெரிய ஷீட் போடும் கணக்கு ஆபீஸுக்கு மைக்ரோசாஃப்ட்தான் இயல்பு. ஒரே எக்செலை மூவர் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம், நாஸில் இருந்தால் இரண்டாமவருக்குப் படிக்க மட்டுமே திறக்கும். கைப்பேசியில் அதிகம் வேலை செய்யும் ஏஜென்சிகளுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் கூகுள் எளிது, தேடல் பிரமாதம், ஸ்கேன் செய்த பக்கத்தில் உள்ள எழுத்தைக்கூடத் தேடித் தருகிறது. அழித்த ஃபைல் கூகுள் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். மைக்ரோசாஃப்டின் பொது ஃபைல் இடமான ஷேர்பாயிண்டில் 93 நாள். வருடாந்திரக் கணக்கு வேலையில் ஒரு ஃபைல் காணாமல் போனது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியவரும் என்பதால், இந்த வித்தியாசத்தை நான் சின்னதாக நினைப்பதில்லை.

எதை வாங்கினாலும் தவறவிடக் கூடாத ஒன்று இருக்கிறது. கூகுளில் ‘மை டிரைவ்’ வேறு, ‘ஷேர்டு டிரைவ்’ வேறு. மைக்ரோசாஃப்டில் ஒன்டிரைவ் வேறு, ஷேர்பாயிண்ட் வேறு. மை டிரைவ், ஒன்டிரைவ் ஆகிய முதல் வகையில் வைக்கும் ஃபைல் அந்த ஊழியரின் கணக்கோடு ஒட்டியது. அவர் போனபின் கணக்கை நீக்கினால், யாரும் கவனித்து மாற்றாவிட்டால், ஃபைலும் போய்விடும். ஒன்டிரைவில் இயல்பான அமைப்பின்படி 30 நாள்தான் காத்திருக்கும். இரண்டாவது வகையில் ஃபைல் ஆபீஸுக்குச் சொந்தம், யார் வந்தாலும் போனாலும் அப்படியே இருக்கும். காசு கட்டி வாங்கிய பிறகும் எல்லாரும் தங்கள் தங்கள் மை டிரைவிலேயே ஃபைல் வைத்து, ஒருவருக்கொருவர் லிங்க் அனுப்பிக்கொண்டிருக்கும் ஆபீஸ்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கட்டணம் கட்டியும் பிரச்சினையை அப்படியே வைத்திருக்கிறார்கள். வாங்கும்போதே அந்தத் திட்டத்தில் ஷேர்டு டிரைவ் உண்டா என்று கேளுங்கள்.

கிளவுடின் பலவீனம் இணையம். லைன் அறுந்தால் ஆபீஸ் உட்கார்ந்துவிடும். கைப்பேசி ஹாட்ஸ்பாட் சில மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் கஷ்டம்.

கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்றவற்றின் டேட்டாபேஸை, கிளவுடோடு தானாக ஒத்துப்போகும் (சிங்க் ஆகும்) ஃபோல்டரில் வைத்து ஓட்டாதீர்கள். திறந்திருக்கும் டேட்டாபேஸை சிங்க் மென்பொருள் நடுவில் பிடித்து மேலேற்றினால் தரவு சிதையும். மென்பொருளே எடுத்துத் தரும் பேக்அப் ஃபைலை மட்டும் மேலே வையுங்கள்.

அப்புறம் சட்டம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கம்பெனிச் சட்டம் 2016, வருமான வரிச் சட்டம் 1967 இரண்டுமே கணக்குப் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. வருமான வரிச் சட்டம் இன்னும் ஒன்று சொல்கிறது: காகிதத்தில் இருந்த பதிவை மின்வடிவத்துக்கு மாற்றினாலும், மாற்றுவதற்கு முன்னிருந்த அசல் வடிவத்தையும் வைத்திருக்க வேண்டும். அதாவது ஸ்கேன் செய்த மறுநாளே ரசீதுகளைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட முடியாது. ‘ஸ்கேன் செய்தால் அலமாரி இடம் மிச்சம்’ என்று யாராவது விற்க வந்தால், அந்த மிச்சம் ஏழு வருடம் கழித்துத்தான் கைக்கு வரும் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். வணிகப் பதிவுகள் மலேசியாவிலேயே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. கிளவுடின் சர்வர் எந்த நாட்டில் என்று நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் 2025இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தன் டேட்டா சென்டர்களைத் திறந்தது. அதற்காகப் பழைய கணக்குகளின் தரவு தானாக இங்கே வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எங்கே இருக்கிறது என்பது கிளவுடு கணக்கின் நிர்வாகப் பக்கத்தில் எழுதியிருக்கும்.

நிலப் பட்டா, முத்திரைத்தாள் ஒட்டிய ஒப்பந்தம், உயில் ஆகியவற்றின் அசல் எந்நாளும் காகிதமாகவே பாதுகாக்கப்பட வேண்டும். மின்வணிகச் சட்டம் 2006, அதிகாரப் பத்திரம், உயில், அறக்கட்டளை ஏற்படுத்துதல், காசோலை போன்ற மாற்றுமுறை ஆவணங்கள் ஆகியவற்றைத் தன் வரம்பிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. இவற்றை ஸ்கேன் செய்வது தேடுவதற்கும் பார்ப்பதற்கும்தான். அசலுக்குத் தீப்பிடிக்காத பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பத்துப் பதினைந்து பேர் ஆபீஸுக்கு நான் சொல்வது இதுதான்: நடப்பு வேலை எல்லாம் கிளவுடின் ஆபீஸ் டிரைவில், அதன் முழுப் பிரதி தினமும் இரவில் ஆபீஸ் நாஸில். நாஸ் கிளவுடிலிருந்து இழுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து யாருக்கும் திறந்திருக்காது. இணையம் போனாலும் நேற்றைய பிரதி கையில் உண்டு, கிளவுட் கணக்கே முடங்கினாலும் ஃபைல்கள் மலேசியாவில் நம் கட்டடத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் காசு கட்ட முடியாத சின்ன ஆபீஸ் என்றால் கிளவுடை வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வெளி டிஸ்கில் பிரதி எடுத்து, டிஸ்கைக் கழற்றி வேறு இடத்தில் வைக்கட்டும். நாஸ் மட்டும் என்று முடிவு செய்ய எனக்கு ஒரே காரணம்தான் தெரிகிறது: மிகப் பெரிய ஃபைல்கள், கூடவே அதைப் பராமரிக்க ஆபீஸிலேயே தெரிந்த ஆள்.

சேமிப்பு அளவைப் பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம். ஒரு தடித்த ரிங் ஃபைலில் சுமார் 500 தாள் பிடிக்கும். தாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் இருநூறு ஃபைலுக்கு ஒரு லட்சம் பக்கம். 300 டிபிஐ என்ற ஸ்கேன் துல்லியத்தில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 100 கேபி; மொத்தமும் 10 ஜிபி. வண்ணத்தில் எடுத்து ஐந்து மடங்கானாலும் 50 ஜிபிதான். காசும் காலமும் போவது ஸ்கேன் செய்வதில். நிமிடத்துக்கு 30 பக்கம் இழுக்கும் ஸ்கேனரில் ஒரு லட்சம் பக்கத்துக்கு இயந்திரம் ஓடும் நேரம் மட்டுமே 55 மணி. ஸ்டேப்ளர் பின் கழற்றுவது, மடிப்பை நீவுவது, வெளிறிப்போன பெட்ரோல் ரசீதைத் தனியாக எடுப்பது, பெயரிடுவது, சரியாக வந்ததா என்று பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் அது பல மடங்காகும்.

அதனால் பழையதை எல்லாம் ஸ்கேன் செய்யாதீர்கள். ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், நிதியாண்டின் முதல் நாள் நல்லது. அன்று முதல் வருவது எல்லாம் மின்வடிவில் சேரட்டும். பழைய ஃபைல் ஏதாவது தேவைப்பட்டு அலமாரியிலிருந்து வெளியே வந்தால், திரும்ப வைக்கும் முன் அதை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். தொடாத ஃபைல் தொடாமலே இருந்து, ஏழு வருடம் முடிந்ததும் போகட்டும். பெரும்பாலான பழைய ஃபைல்களை யாரும் திறக்கவே மாட்டார்கள். அவற்றுக்குச் சம்பளம் கொடுத்து ஸ்கேன் செய்வது வீண். நிறுவனத்தின் நிரந்தரப் பதிவுகள், பங்குதாரர் பதிவேடு, கூட்டக் குறிப்புகள் ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அவற்றை முதலிலேயே முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதை ஸ்கேன் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நம் ஆட்களின் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல்: ஐசியில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்று சாய்கோடு இருக்கும், விண்டோஸ் அந்தக் கோட்டை ஃபைல் பெயரில் ஏற்காது. கூகுள் ஏற்றுக்கொள்ளும், அப்புறம் அதே ஃபைலை நாஸுக்கு இறக்கும்போது பெயர் மாறிப்போகும். சுப்பிரமணியத்தை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள், தேடினால் பாதி கிடைக்காது. ஐசி எண்ணைப் பெயராக வைக்கவும் கூடாது, அது தனிப்பட்ட தகவல். கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம் 2019இல் கொண்டுவந்த 12 இலக்கப் பதிவு எண் கைகொடுக்கும். முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. தனியாட்களுக்கு ஆபீஸே ஒரு வாடிக்கையாளர் எண் கொடுக்கட்டும். எண், ஆவண வகை, தேதி என்ற வரிசை போதும். தேதியை 2025-03-31 என்று வருடம் முன்னால் வர எழுதினால் பட்டியல் தானாகவே வரிசையாகிவிடும்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதில் இளகிவிடாதீர்கள். சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளர் ஐசி நகலும் எல்லாருக்கும் திறந்திருக்கக் கூடாது. திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; சட்டத்தின் தரவுப் பாதுகாப்புக் கொள்கைகளை மீறினால் அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம். ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற பகிர்வை நிர்வாகப் பக்கத்திலேயே மூடிவிடலாம், மூடிவிடுங்கள். எல்லாக் கணக்குக்கும் இரண்டடுக்கு உள்நுழைவு போடுங்கள். அட்மின் கணக்கு இருவரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் முதலாளியாக இருக்கட்டும்.

கோயில், சங்க நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் தமிழில் தட்டச்சு செய்த கூட்டக் குறிப்புகள் பலவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. பழைய கணினியில் அழகாகத் தெரியும் அந்த ஃபைலைக் கிளவுடில் ஏற்றினால், எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரியும், தேடவும் முடியாது. அந்த எழுத்துரு இன்னும் வேலை செய்யும் கணினி ஒன்று இருக்கும்போதே எழுத்துருவை உள்ளே பொதிக்கும் பிடிஎஃப்-ஏ வடிவில் சேமித்துவிட்டு, முடிந்தால் எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கும் மாற்றி இரண்டையும் சேர்த்தே வையுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காகிதம் பத்து வருடம் காத்திருக்கும், அந்தக் கணினி காத்திருக்காது.